கணினியில் போன மதர்போர்டுக்குப் பதிலாக எந்த போர்டு? திருமங்கலம் டிடிபி கடை நண்பருக்கு விரிவான பதில்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். மதுரை அருகே திருமங்கலத்தில் டிடிபி கடை வைத்திருக்கிறீர்கள். கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, ஃபிளெக்ஸ் வடிவமைப்பு, கொஞ்சம் ஸ்டிக்கர் கட்டிங். கணினியில் ஐ5-6500 பிராசஸர், எச்110 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ராம் ஒன்று, 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் டிஸ்க்). போர்டு போய்விட்டது என்று சர்வீஸ் பார்ப்பவர் சொல்லிவிட்டார். மதுரையில் ஒரு கடையில் அதிகம் கேள்விப்படாத பிராண்டில் 'புது' எச்110 போர்டு மலிவாகக் கிடைக்கும் என்கிறார்கள். இன்னொருவர் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார். கையில் இருப்பது இருபதாயிரம் ரூபாய். என்ன செய்வது?

அந்த எச்110 போர்டை வாங்காதீர்கள். டிடிஆர்4 ராம் ஏற்கும் எச்610 போர்டு ஒன்றும், அதில் ஐ3-12100 பிராசஸரும் போடுங்கள். உங்கள் ராம், எஸ்எஸ்டி, கேபினட், மானிட்டர் எல்லாம் அப்படியே பயன்படும். பழைய பிராசஸரைக் காப்பாற்றுவதற்காகப் புதுப் பணத்தைப் பழைய சாக்கெட்டில் (போர்டில் பிராசஸர் உட்காரும் இடத்தில்) போடுவதுதான் குறைந்த பட்ஜெட்காரர்கள் அதிகம் இழக்கும் இடம். கடையில் அது மூவாயிரம் ரூபாய்ச் செலவாகத் தெரியும். ஆனால் அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ மொத்தத்தையும் மாற்றும்போது அந்த மூவாயிரத்தில் ஒரு ரூபாய்கூடத் திரும்பி வராது.

ஆனாலும் செலவு செய்வதற்கு முன், போர்டு உண்மையிலேயே போய்விட்டதா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். மின்விசிறி சுற்றுகிறது, திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை என்றால் பல நேரங்களில் குற்றவாளி ராம்தான். அச்சுக்கடையில் காகிதத் தூளும் டோனர் தூளும் சேர்ந்து ஸ்லாட்டில் படியும். ராமைக் கழற்றி, அதன் தங்கநிறப் பற்களைப் பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஸ்லாட்டைக் காய்ந்த தூரிகையால் துடைத்துவிட்டு, இன்னொரு ஸ்லாட்டில் மாட்டிப் பாருங்கள். அதற்கும் வரவில்லையென்றால் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற காசு வடிவ பேட்டரியை எடுத்து, ஐந்து நிமிடம் விட்டுப் புதிதாக ஒன்றைப் போடுங்கள். அது 3 வோல்ட் பேட்டரி, எந்தக் கடிகாரக் கடையிலும் கிடைக்கும். மூன்றாவதாக, வேறு ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ்-ஐ (கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியை) மாட்டிப் பார்க்க வேண்டும். இந்த மூன்றும் தோற்று, பிராசஸரைச் சுற்றியுள்ள கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தாலோ கருகிய வாசனை வந்தாலோ, சர்வீஸ் பார்ப்பவர் சொன்னது சரி.

இப்போது எச்110 ஏன் வேண்டாம் என்பதற்கு வருகிறேன். எச்110 என்பது சிப்செட்டின் பெயர், அதாவது மற்ற பாகங்களைப் பிராசஸரோடு இணைக்கும் சிப். அது 2015-ல் இன்டெல் ஆறாம் தலைமுறைக்கு வந்தது. அது ஏற்பது ஆறாம், ஏழாம் தலைமுறைப் பிராசஸர்களை மட்டுமே. சாக்கெட்டின் பெயர் எல்ஜிஏ 1151. இங்கே ஒரு பொறி இருக்கிறது. எட்டாம், ஒன்பதாம் தலைமுறைப் பிராசஸர்களுக்கும் சாக்கெட்டின் பெயர் அதே எல்ஜிஏ 1151தான், உருவமும் அதேதான். ஆனால் அவை வேலை செய்ய எச்310, பி360 போன்ற 300 வரிசை போர்டு வேண்டும். எச்110-ல் அவற்றை வைத்தால் கணினி எழாது. 'பின்னால் எட்டாம் தலைமுறை வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எச்110-ல் நீங்கள் ஏறக்கூடிய உச்சம் ஐ7-7700 வரிசைதான். அது பழைய பொருளாகவே நல்ல விலைக்குப் போகிறது. அந்தப் பணத்துக்கு அதைவிட வேகமான புதுப் பிராசஸரே கிடைக்கும்.

அடுத்தது விண்டோஸ். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெல் பக்கத்தில் அதிகாரபூர்வமாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. உங்கள் ஐ5-6500 அந்தப் பட்டியலில் இல்லை. குறுக்கு வழியில் நிறுவலாம், பலர் நிறுவியும் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் கடையில் தினமும் யார் யாருடைய பென்டிரைவ்களோ செருகப்படுகின்றன, அதே கணினியில் நீங்கள் வங்கிக் கணக்கும் பார்க்கிறீர்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் என்ற உறுதி இல்லாத கணினியில் இந்த இரண்டு வேலையும் சேர்ந்து நடக்கக் கூடாது.

அந்தப் 'புது' போர்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. எச்61, எச்81, எச்110 என்ற பழைய சிப்செட்களில் சின்ன பிராண்டுகள் இன்றும் போர்டுகளை விற்கின்றன. பழைய போர்டுகளிலிருந்து கழற்றிய சிப்செட்டை எடுத்துப் புதுப் பலகையில் பொருத்தும் வழக்கம் இந்தச் சந்தையில் உண்டு. பெட்டி புதிது, பலகை புதிது, உள்ளே இருக்கும் முக்கியமான சிப்பின் வயது யாருக்கும் தெரியாது. பயாஸ் (கணினியை எழுப்பும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) திருத்தம் என்று ஒன்று வருவதே அரிது. வாரண்டி பெரும்பாலும் ஓராண்டு. அதுவும் கடைக்காரர் மனது வைத்தால்தான். பில் போடுவதும் டைப் அடிப்பதும் மட்டுமே வேலை என்றால், நல்ல பிராண்டின் பழைய எச்110 போர்டு ஒன்றைக் கண்ணெதிரே ஓட்டிக் காட்டி, சில மாத உத்தரவாதத்தோடு குறைந்த விலைக்குக் கொடுத்தால் வாங்கலாம் என்பேன். நாள் முழுக்க கோரல்டிராவும் ஃபோட்டோஷாப்பும் திறந்திருக்கும் உங்களுக்கு அது பொருந்தாது.

'ஐ5 வைத்திருந்துவிட்டு ஐ3-க்கு இறங்குவதா' என்று கேட்டிருந்தீர்கள். ஐ3, ஐ5 என்பவை அந்தந்தத் தலைமுறைக்குள் இருக்கும் படிநிலை மட்டுமே. ஐ5-6500 என்பது நான்கு கோர் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்), நான்கு த்ரெட் (ஒரே நேரத்தில் கையாளும் வேலைகள்), அதிகபட்ச வேகம் 3.6 கிகாஹெர்ட்ஸ். ஐ3-12100 நான்கு கோர், எட்டு த்ரெட், 4.3 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். அதோடு ஒவ்வொரு சுழற்சியிலும் அது முடிக்கும் வேலையும் அதிகம். கோரல்டிராவில் நூறு பொருள்களைத் தேர்ந்தெடுத்து நகர்த்தும்போதும், ஃபோட்டோஷாப்பில் பத்தடி ஃபிளெக்ஸ் கோப்பைச் சேமிக்கும்போதும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். பெட்டியில் எண்ணுக்குப் பின்னால் 'எஃப்' என்ற எழுத்து இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 12100எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது. விலை குறைவு என்று அதை எடுத்துக்கொண்டு போய் வீட்டில் விழித்துக்கொண்டு நிற்பவர்கள் உண்டு. உங்களிடம் கார்டு இல்லை, ஆகவே எஃப் இல்லாததுதான் வேண்டும்.

இனி போர்டு. எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் இன்டெல்லின் 12, 13, 14-ம் தலைமுறைகள் பொருந்தும். எச்610 அந்தக் குடும்பத்தின் அடிமட்ட சிப்செட். அடிமட்டம் என்பதால் மட்டம் என்று நினைக்க வேண்டாம், உங்கள் வேலைக்கு அதில் குறையில்லை. இரண்டு ராம் ஸ்லாட், நான்கு சாட்டா இணைப்பு, என்விஎம்இ (சாட்டாவைவிட வேகமான வகை) எஸ்எஸ்டிக்கு ஒரு எம்.2 ஸ்லாட், தனி கிராபிக்ஸ் கார்டுக்கு ஒரு நீள ஸ்லாட். இவற்றை விடக் கூடுதலாக எதைக் கொடுத்தாலும் அதற்கு நீங்கள் காசு கொடுக்கிறீர்கள் என்பதை நினைவில் வையுங்கள். பி760 போர்டு வாங்கச் சொல்பவர்கள் தப்பாகச் சொல்லவில்லை. நான்கு ராம் ஸ்லாட், வேகமான எம்.2, பெரிய பிராசஸரைத் தாங்கும் மின்பகுதி எல்லாம் அதில் கிடைக்கும். ஆனால் இருபதாயிரத்துக்குள் அதை வாங்கினால் பிராசஸரிலோ எஸ்எம்பிஎஸ்-இலோ கை வைக்க வேண்டிவரும்.

உங்களுக்கு எல்லாவற்றையும் விட முக்கியமான சோதனை போர்டின் பெயரின் கடைசி எழுத்துகளில் இருக்கிறது. எச்610 சிப்செட்டில் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. ஒரே மாடல் பெயரில் இரண்டும் வருவதும் உண்டு. டிடிஆர்4 ஏற்பதன் பெயரில் 'டி4' அல்லது 'டிடிஆர்4' என்று பெரும்பாலும் சேர்ந்திருக்கும். இரண்டு வகை ராமுக்கும் 288 பின்தான், நீளமும் ஒன்றுதான். நடுவில் இருக்கும் வெட்டு மட்டும் இடம் மாறியிருக்கும். அதனால் மாற்றி மாட்ட முடியாது, அழுத்தினால் ஸ்லாட் உடையும். 2025-ன் கடைசி மாதங்களில் ராம் விலை கிடுகிடுவென ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை மொத்தமாக வாங்கியதே காரணம். இந்த நிலையில் உங்கள் கையில் இருக்கும் 8 ஜிபி டிடிஆர்4 பலகை ஒரு சொத்து. அதைத் தூக்கிப் போடவைக்கும் எந்த யோசனையையும் ஏற்காதீர்கள். அதன் வேக எண் 2133 ஆகவோ 2400 ஆகவோ இருந்தாலும் எச்610-ல் ஓடும். பின்னால் காசு சேரும்போது இன்னொரு 8 ஜிபி வாங்கி இரண்டாவது ஸ்லாட்டில் போடுங்கள். புதிது 3200 ஆக இருந்தால் இரண்டும் சேர்ந்து பழையதன் வேகத்தில் ஓடும். இரண்டு ஸ்லாட்டும் நிரம்பும்போது பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்கும் கூடுதல் பலம் கிடைக்கும்.

அடுத்து, போர்டின் பின்பக்கத் துளைகளை உங்கள் கடையில் இருக்கும் சாதனங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இதை யாரும் செய்வதில்லை, வாங்கி வந்த பிறகு ஓடுகிறார்கள். உங்கள் பழைய மானிட்டரில் விஜிஏ மட்டும் இருக்கிறதா? மலிவான எச்610 போர்டுகள் பலவற்றில் இன்றும் விஜிஏ துளை இருக்கிறது. இல்லாவிட்டால் எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-க்கு மாற்றும் சிறு அடாப்டர் போதும். ஸ்டிக்கர் வெட்டும் பிளாட்டர் சீரியல் இணைப்பில் ஓடுகிறது என்றால் இன்னும் கவனம் தேவை. யுஎஸ்பி-யிலிருந்து சீரியலுக்கு மாற்றும் கேபிளை மாட்டினால், பாதி வெட்டில் பிளாட்டர் நின்றுபோகும் தொல்லை சில நேரம் வரும், வினைல் வீணாகும். பல எச்610 போர்டுகளில் 'காம்' என்று அச்சிட்ட ஒன்பது பின் இணைப்பு பலகையின் ஓரத்தில் இருக்கும். ஒரு சிறு பிராக்கெட் கேபிள் வாங்கி அதில் மாட்டினால் பழையபடி சீரியல் துளை கேபினட்டின் பின்னால் வந்துவிடும். பேரலல் கேபிளில் ஓடும் பழைய பிரிண்டர் இருந்தால், சிறிய பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் மாட்டும் பேரலல் கார்டுதான் நம்பகமானது. ஆகவே அந்தச் சிறிய ஸ்லாட் ஒன்றாவது போர்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

எம்.2 ஸ்லாட் பற்றிக் கொஞ்சம். எச்610-ல் அது பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 வேகத்தில்தான் ஓடும், நொடிக்கு ஏறத்தாழ 3,500 மெகாபைட். அதைவிட வேகமான எஸ்எஸ்டிக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். அதற்காக உங்கள் சாட்டா எஸ்எஸ்டியை இப்போதே மாற்ற வேண்டாம். நொடிக்கு 550 மெகாபைட் வரை அது தரும். உங்கள் வேலைக்குத் தற்போதைக்குத் தாராளம்.

வெப்பத்தை நம் ஊரில் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சித்திரை, வைகாசியில் மதுரைப் பக்கம் 40 டிகிரியைத் தொடும். தகரக் கூரைக் கடைக்குள் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். பிராசஸருக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பகுதியை விஆர்எம் என்பார்கள். பிராசஸர் சாக்கெட்டுக்கும் பின்பக்கத் துளைகளுக்கும் நடுவில் சின்னச் சின்னக் கறுப்புச் சதுரங்களாக அது இருக்கும். விலை குறைந்த போர்டுகள் பலவற்றில் அதன் மேல் அலுமினியத் தகடு கிடையாது. ஐ3-12100 உச்சத்தில் 89 வாட் வரைதான் இழுக்கும், அதற்குத் தகடில்லாத போர்டே தாங்கும். பின்னால் 12400 போன்ற ஐ5 போடும் எண்ணம் இருந்தால் அது 117 வாட் வரை போகும், தகடு உள்ள போர்டை இப்போதே தேர்ந்தெடுங்கள். சில நூறு ரூபாய்தான் வித்தியாசம் இருக்கும், அது நல்ல செலவு. கேபினட்டின் பின்னால் காற்றை வெளியே தள்ளும் மின்விசிறி ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

இன்டெல்லுக்குப் போட்டியான ஏஎம்டி பற்றியும் கேட்டிருந்தீர்கள். எச்610 கிடைக்காவிட்டாலோ அன்றைய விலை ஒத்துவராவிட்டாலோ, ஏ520 போர்டும் ரைசன் 5 5600ஜி பிராசஸரும் நல்ல மாற்று. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், உள்ளே கிராபிக்ஸும் இருக்கிறது, உங்கள் டிடிஆர்4 ராமும் ஒத்துப்போகும். வீடியோ வேலையும் எடுப்பதாக இருந்தால் இதைத்தான் முதலில் சொல்வேன். இங்கே 'ஜி' என்ற எழுத்து முக்கியம். வெறும் 5600-ல் கிராபிக்ஸ் இல்லை. பழைய பி450 போர்டு கைக்கு வந்தால், அதன் பயாஸ் 5000 வரிசையை ஏற்கும் அளவுக்குத் திருத்தப்பட்டதா என்று ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். அதே போல, ரைசன் 3200ஜி, 3400ஜி இரண்டும் ஏ520, பி550 போர்டுகளின் அதிகாரபூர்வ பட்டியலில் இல்லை. யாராவது மலிவாக அந்த ஜோடியைக் கட்டிக் கொடுத்தால் விலகிவிடுங்கள். ஏஎம்டியின் புது ஏஎம்5 சாக்கெட் பல ஆண்டுகளுக்கு வாழும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது டிடிஆர்5 ராமை மட்டுமே ஏற்கும். இருபதாயிரத்தில் அதற்குப் போக வழியில்லை.

பணத்தை இப்படிப் பிரியுங்கள்: ஏறக்குறைய பாதி பிராசஸருக்கு, மூன்றில் ஒரு பங்கு போர்டுக்கு, மிச்சம் எஸ்எம்பிஎஸ்-க்கு. உங்கள் போர்டு எதனால் போனது என்று தெரியாத நிலையில், அதே பழைய எஸ்எம்பிஎஸ்-ஐப் புதுப் போர்டில் மாட்டுவது எனக்குச் சம்மதமில்லை. வெளியே 450 வாட் என்று எழுதியிருக்கும், ஆனால் பக்கத்துப் பட்டியலில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 14 ஆம்பியர் என்றால் 12-ஆல் பெருக்கி 168 வாட், அவ்வளவுதான். 80 பிளஸ் (மின்சாரத்தை வீணாக்காத திறனுக்கான) சான்று பெற்ற, சிபியூ-வுக்கு எட்டு பின் இணைப்பு உள்ள 450 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்று வாங்கிவிடுங்கள்.

எங்கே வாங்குவது? நீங்கள் மதுரை பெரியார் பேருந்து நிலையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் டவுன் ஹால் ரோடு நடை தூரம். பைபாஸ் ரோடு, காளவாசல் பக்கமும் கடைகள் உண்டு. கையிருப்பு இல்லாவிட்டால் சென்னை ரிச்சி தெருவிலிருந்து பார்சலில் வரவழைத்துக் கொடுப்பார்கள். இரண்டு மூன்று கடைகளில் விலை கேளுங்கள். போர்டு, பிராசஸர் இரண்டையும் ஒரே கடையில் வாங்குங்கள். பிரச்சினை வந்தால் 'அது பிராசஸர் கோளாறு', 'இது போர்டு கோளாறு' என்று இருவர் உங்களைப் பந்தாடுவதற்கு இடம் இருக்காது. ஜிஎஸ்டி பில்லில் போர்டின் சீரியல் எண் எழுதப்பட்டிருக்க வேண்டும். பெட்டியில் உள்ள எண்ணும் போர்டில் ஒட்டியிருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று அங்கேயே சரிபாருங்கள். நல்ல பிராண்டுகளுக்கு இந்தியாவில் பெரும்பாலும் மூன்றாண்டு வாரண்டி. பிராசஸர் பெட்டியோடு வருவதாக இருக்கட்டும். 'டிரே' என்று பெட்டியில்லாமல் கொஞ்சம் மலிவாகக் கொடுப்பார்கள். அதில் கூலர் (பிராசஸரைக் குளிர்விக்கும் மின்விசிறி) வராது. உங்கள் பழைய கூலரும் புது போர்டில் பொருந்தாது. எல்ஜிஏ 1151-ல் கூலர் துளைகளின் இடைவெளி 75 மில்லிமீட்டர், 1700-ல் 78.

பணம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று மீதியிருக்கிறது, அவசரப்படாமல் செய்யுங்கள். போர்டின் சாக்கெட் மேல் கறுப்பு பிளாஸ்டிக் மூடி ஒன்று இருக்கும். கடைக்காரரையே அதை எடுக்கச் சொல்லி, போனின் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். 1700 பின்களும் வரிசை தவறாமல், சீராக, நெல் நாற்று போல மின்ன வேண்டும். எங்காவது ஒரு புள்ளி மங்கலாக இருந்தாலோ அருகிலிருப்பவற்றுக்கு மாறாக மின்னினாலோ அங்கே ஒரு பின் வளைந்திருக்கிறது. அந்த போர்டை வாங்காதீர்கள். நேராக இருந்தால் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வளைந்த பின்னுக்கு நிறுவனங்கள் பொதுவாக வாரண்டி தருவதில்லை. பிராசஸர் மாட்டிய பிறகு அந்தப் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கி எறியாதீர்கள். வாரண்டிக்கு அனுப்பும்போது மூடி இல்லாமல் அனுப்பினால் வழியில் பின் வளையும், பழி உங்கள் மேல் விழும். முடிந்தால் கடையிலேயே பிராசஸரை மாட்டி, உங்கள் ராமைப் போட்டு, திரையில் பயாஸ் வருவதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ராமை மறக்காமல் பையில் எடுத்துச் செல்லுங்கள்.

கேபினட்டில் பொருத்தும்போது இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். பழைய போர்டைத் தாங்கிய பித்தளைத் தாங்கிகள் கேபினட்டில் அப்படியே நிற்கும். புது போர்டில் துளை இல்லாத இடத்தில் ஒரு தாங்கி நின்றால், அது போர்டின் அடியில் தொட்டு ஷார்ட் ஆகிவிடும். தேவையில்லாததைக் கழற்றிவிடுங்கள். இரண்டாவது, மலிவு எச்610 போர்டுகள் அகலம் குறைந்தவை. ராம் ஸ்லாட் இருக்கும் வலது ஓரத்துக்கு அடியில் திருகாணி இருக்காது, அந்த ஓரம் அந்தரத்தில் நிற்கும். அங்கே ராமை ஓங்கி அழுத்தினால் பலகை வளைவது கண்ணுக்கே தெரியும். கேபினட்டுக்குள் வைப்பதற்கு முன்பே, மேசையில் அட்டைப்பெட்டியின் மேல் வைத்து ராமை மாட்டிவிடுவது நல்லது.

கடைசியாக, பழைய எஸ்எஸ்டியை மாட்டியதும் உங்கள் விண்டோஸ் எழாமல் போக வாய்ப்பு அதிகம். போர்டு கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். எச்110 காலத்தில் பல கடைகளில் விண்டோஸை எம்பிஆர் என்ற பழைய முறையில் நிறுவினார்கள். எச்610-ல் உள்ளிருக்கும் கிராபிக்ஸை வைத்து ஓட்டும்போது யுஎஃபிஐ என்ற புது முறை மட்டும்தான், எம்பிஆர் டிஸ்க்கிலிருந்து அது தொடங்காது. விண்டோஸில் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி இருக்கிறது. தரவுகளை அழிக்காமல் டிஸ்க்கைப் புது முறைக்கு மாற்றித் தரும். ஆனால் என் யோசனை, போர்டு மாறும்போது விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவிவிடுவதுதான். அதற்கு முன், எஸ்எஸ்டியை வேறொரு கணினியில் மாட்டி எல்லாவற்றையும் பிரதி எடுங்கள். டெஸ்க்டாப்பும் டி டிரைவும் மட்டும் போதாது, விண்டோஸுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் எடுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த பத்திரிகைகள் உங்களிடம் ஏராளமாக இருக்கும். அந்த எழுத்துரு போனால், போன வருட மாதிரியைத் திறக்கும்போது தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடக்கும். முகூர்த்த நேரத்தில் அதைத் தேடி அலைய முடியாது. விண்டோஸ் லைசென்ஸ் பழைய கணினியோடு வந்ததாக இருந்தால் அது பழைய போர்டோடு பிணைந்தது, புதிதில் செல்லுபடியாகாது. தனியாக வாங்கிய ரீடெய்ல் லைசென்ஸ் என்றால் மாற்றிக்கொள்ளலாம். நிறுவும்போது டிபிஎம் (விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதி) இல்லை என்று சொன்னால், பயாஸில் பிடிடி என்ற அமைப்பை இயக்கினால் போதும்.

எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு, ஒரு மின்பணியாளரை அழைத்து, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் எத்தனை வோல்ட் என்று மல்டிமீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். 5 வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தைச் சரிசெய்துவிட்டுத்தான் புது போர்டை நாள் முழுக்க ஓட்ட வேண்டும். ஐப்பசி இடிமழை தொடங்கினால் மின்பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. மோடத்திலிருந்து வரும் லேன் கேபிளையும் பிடுங்குங்கள். மின்னல் அந்த வழியாக வந்து லேன் சிப்பை எரித்தால், அது போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது என்பதால் போர்டையே மாற்ற வேண்டிவரும். எரிந்ததற்கு வாரண்டியும் இல்லை.

கடையில் அவர்கள் காட்டும் போர்டின் முழுப் பெயரையும், உங்கள் பிளாட்டர் எந்த கேபிளில் ஓடுகிறது என்பதையும் எழுதி அனுப்புங்கள். வாங்குவதற்கு முன்பே பொருந்துமா என்று பார்த்துச் சொல்கிறேன்.